வேலைக் கணினியில் ஆன்டி-சீட்: ஒரு பராமரிப்பாளரின் அனுபவம்

திருச்சியில் ஆடிட்டர் அலுவலகங்கள், மொத்த வியாபாரக் கடைகள், பிரவுசிங் சென்டர்கள் போன்ற சிறிய இடங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். அலுவலக வேலை அலுவலகத்தோடு நின்றுவிடும் காலம் கொரோனாவோடு போய்விட்டது. என் வாடிக்கையாளர்கள் பலரின் வீட்டில் நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி ஒன்றுதான் இருக்கிறது. பகலில் அதில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கலாகிறது, இரவில் அதே கணினியில் பிள்ளைகள் வேலரன்ட் ஆடுகிறார்கள். ஆகவே, “கேம் ஏதோ டிரைவர் போடணும்னு கேக்குதாம், பயாஸ்ல எதையோ மாத்தணுங்கறான், செய்யலாமா சார்?” என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. (பயாஸ் என்பது விண்டோஸ் தொடங்கும் முன்பே எழும், கணினியின் அடிப்படை அமைப்புப் பகுதி.) நானும் ஆடுபவன் என்பதால் இந்தக் கேள்வியின் இரு பக்கமும் எனக்குத் தெரியும். எந்த கேம், எந்த நிறுவனம் என்று ஆராய்வதற்கு முன்னால், அந்தக் கணினியில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று கேட்பதே என் வழக்கமாகிவிட்டது.

ஆன்லைன் கேம்களில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் காவல் மென்பொருள்தான் ஆன்டி-சீட்; கேம் போடச் சொல்வது அதன் டிரைவரைத்தான். முதலில் இந்த டிரைவர் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் நாம் திறக்கும் சாதாரண நிரல்கள் எல்லாம் பயனர் மட்டத்தில் இயங்குபவை. ஒரு நிரல் இன்னொன்றின் நினைவகத்தைப் பார்க்க வேண்டுமானால் விண்டோஸ் வழியாகத்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்க்க விடுவதா, மறுப்பதா என்று முடிவு செய்யும் இடம், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல். தானாகக் குறிவைக்கும் எய்ம்பாட், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால்ஹேக் போன்ற ஏமாற்று மென்பொருள்களை எழுதி விற்பவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கெர்னலுக்குள் இறங்கிவிட்டார்கள். முறையாகக் கையொப்பமிடப்பட்ட, ஆனால் ஓட்டையுள்ள ஏதாவது ஒரு பழைய டிரைவரைக் கணினியில் ஏற்றி, அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைவது அவர்களுடைய வழி. அப்படி நுழைந்தவன் மேலே இருக்கும் நிரல்களுக்கு எதைக் காட்டுகிறானோ அதுதான் அவற்றுக்குத் தெரியும் என்பதால், பயனர் மட்டத்தில் நின்று தேடும் ஆன்டி-சீட்டால் அவனைப் பிடிக்க முடிவதில்லை. எனவே காவலும் கீழே இறங்கியது. ஆன்லைன் ஆட்டத்தில் சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவன் நம்மைச் சரியாக நெற்றியில் சுடும்போது, அந்தக் காவல் வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

வேலரன்ட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் ஆன்டி-சீட்டான வான்கார்டு இதில் அதிகம் பேசப்பட்டது. 2020 ஏப்ரலில் வேலரன்ட்டின் மூடிய பீட்டாவோடு அது வந்தபோது பலரை உறுத்தியது, அதன் டிரைவர் கேமைத் திறக்கும்போது அல்லாமல் விண்டோஸ் தொடங்கும்போதே ஏறிக்கொண்டதுதான். முதலில் ஏறியவர்தான் பின்னால் ஏறுபவர்களைச் சோதிக்க முடியும் என்பது அதற்கு அந்நிறுவனம் சொன்ன காரணம். தொழில்நுட்ப நோக்கில் அது சரியான காரணமே. ஆனால் வெளியான சில வாரங்களிலேயே, மின்விசிறி வேகத்தையும் வெப்பநிலையையும் கவனிக்கும் சில பயன்பாடுகளின் டிரைவர்களை வான்கார்டு தடுப்பதாகப் புகார்கள் எழுந்தன. அவற்றின் டிரைவர்களில் அறியப்பட்ட ஓட்டைகள் இருந்ததே காரணம் என்று சொன்ன நிறுவனம், டாஸ்க்பாரின் ஓரத்தில் ஒரு சின்னத்தை வைத்து, வேண்டாதபோது வான்கார்டை நிறுத்திக்கொள்ள வழி செய்தது. ஒருமுறை நிறுத்தினால், மறுபடி ஆட கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். 2024 மே மாதத் தொடக்கத்தில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் இது கட்டாயமானபோது, லினக்ஸில் அந்த கேமை ஆடிவந்தவர்கள் ஒரேயடியாக வெளியேற வேண்டியதாயிற்று. கால் ஆஃப் டியூட்டி கேமின் ஆன்டி-சீட்டான ரிகோஷே 2021இல் வந்தபோது, தன் டிரைவர் கேம் ஓடும்போது மட்டுமே இயங்கும் என்று ஆக்டிவிஷன் அறிவித்தது. எந்த ஆன்டி-சீட்டைப் பற்றிக் கேட்டாலும் அதன் டிரைவர் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

தனியுரிமையைப் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர், “கெர்னலுக்குள்ள போனா நம்ம ஃபைல் எல்லாத்தையும் பாத்துடுவானாமே” என்கிறார்கள். பார்க்க முடியும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கெர்னல் தேவையே இல்லை. நாம் இரட்டை கிளிக் செய்து திறக்கும் எந்தச் சாதாரண நிரலும், நம் பயனர் கணக்கில் நமக்கு எட்டும் ஆவணங்கள் அனைத்தையும் படிக்கலாம், திரையைப் படம் பிடிக்கலாம். 2005இலேயே வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டின் வார்டன் என்ற காவல் நிரல், திறந்திருக்கும் மற்ற ஜன்னல்களின் தலைப்புகளைப் படிக்கிறது என்று கிரெக் ஹோக்லண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் வெளிப்படுத்தியபோது பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த நிரல் கெர்னலில் இயங்கவில்லை. 2014 பிப்ரவரியில் வால்வ் நிறுவனத்தின் விஏசி என்ற ஆன்டி-சீட், கணினி அண்மையில் தொடர்புகொண்ட இணைய முகவரிகளின் பட்டியலைப் பார்க்கிறது என்ற செய்தி பரவியது. அப்போது அந்நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவல் தாமே விளக்கம் எழுதினார்: கட்டணம் பெறும் சில ஏமாற்று மென்பொருள்கள் தங்கள் உரிமச் சர்வரைத் தொடர்புகொண்ட தடயத்தைத்தான் தேடினோம், அதற்கு முந்தைய சோதனையில் சிக்கிய மிகச் சிலரின் கணினிகளில் மட்டுமே தேடினோம், அதன்மூலம் 570 பேர் தடை செய்யப்பட இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே இருந்தது. ஆனால் கேட்ட பிறகுதான் அது கிடைத்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

அப்படியானால் கெர்னல் டிரைவர் கூடுதலாகக் கொண்டுவருவது என்ன? என் பார்வையில் மூன்று: அதில் பிழை இருந்தால் கேமோடு நிற்காமல் கணினியே நீலத் திரையில் விழும், அதில் ஓட்டை இருந்தால் நுழைபவனுக்குக் கணினி முழுவதும் கிடைத்துவிடும், அது என்ன செய்கிறது என்பதை என்னைப் போன்ற ஒரு பராமரிப்பாளரால் மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. முதலாவதற்கு கேம் உலகத்துக்கு வெளியிலேயே பெரிய சான்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரேயொரு தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதுவும் நல்ல எண்ணத்தோடு கெர்னலில் உட்கார்ந்திருந்த மென்பொருள்தான்.

இரண்டாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 2016 செப்டம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 கேமுக்கு கேப்காம் நிறுவனம் ஏமாற்றைத் தடுக்கவென்று ஒரு டிரைவரை அனுப்பியது. கணினியில் உள்ள எந்த நிரல் கேட்டாலும், அது கொடுக்கும் கட்டளைகளைக் கெர்னல் அதிகாரத்தோடு இயக்கிக் கொடுக்கும் நிலையில் அது இருந்தது. கண்டுபிடிக்கப்பட்டவுடன் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் கையொப்பமிட்டு வெளியே போன கோப்பு போனதுதான். அதன் பிரதிகள் ஹேக்கர்களின் கைப்பெட்டியில் சேர்ந்துவிட்டன.

ஜென்ஷின் இம்பாக்ட் விவகாரம் இதைவிடக் கசப்பானது. 2020 செப்டம்பரில் அந்த கேம் வந்தபோதே, அதன் ஆன்டி-சீட் டிரைவர் கேமை மூடிய பிறகும் இயங்குகிறது என்று ஆடியவர்கள் முறையிட்டார்கள், நிறுவனமும் அதை மாற்றியது. அதே ஆண்டிலேயே, அந்த டிரைவரைப் பயன்படுத்தி எந்த நிரலின் நினைவகத்தையும் படிக்கலாம் என்ற செய்முறை பொதுவெளியில் வெளியாகிவிட்டது. 2022 ஆகஸ்டில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் வலையமைப்புக்குள் புகுந்த, பணம் பறிக்கும் ரேன்சம்வேர் கும்பல், எம்எச்ஒய்புராட்2 என்ற அந்த டிரைவர் கோப்பைத் தானே கொண்டுவந்து ஏற்றி, அதைக் கொண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கொன்றுவிட்டு, பிறகு கோப்புகளைப் பூட்டியது என்பது அதன் உள்ளடக்கம். தாக்கப்பட்ட கணினிகளில் ஜென்ஷின் நிறுவப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதாவது அந்த கேமின் பெயரைக்கூடக் கேள்விப்படாத அலுவலகமும் அதன் ஆன்டி-சீட்டால் பாதிக்கப்படலாம். இந்த அறிக்கையைப் படித்த பிறகுதான், நான் பராமரிக்கும் எல்லா அலுவலகங்களிலும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் பக்கத்தைத் திறந்து, கெர்னலுக்குள் நம்பத்தகாத நிரல் ஏறாமல் தடுக்கும் மெமரி இன்டெக்ரிட்டியையும், ஓட்டையுள்ள டிரைவர்களின் தடைப் பட்டியலையும் இயக்கி வைக்கத் தொடங்கினேன். விண்டோஸ் 11இன் 2022 புதுப்பிப்பிலிருந்து அந்தத் தடைப் பட்டியல் தானாகவே இயக்கத்தில் இருக்கும் என்றாலும், பழைய கணினிகளில் நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். கேமே ஆடாத அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

நிறுவனம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே பாதி வழியில் நின்றுவிடுகிறது. 2013இல் இஎஸ்இஏ என்ற கவுண்டர்-ஸ்டிரைக் லீக்கின் ஆன்டி-சீட் மென்பொருளுக்குள், உள்ளே வேலை பார்த்தவரே பிட்காயின் வெட்டும் நிரலைச் சேர்த்து, ஏறத்தாழ 14,000 கணினிகளை உரிமையாளர்களுக்குத் தெரியாமல் உழைக்க வைத்தார். கிடைத்த வருமானம் 3,700 டாலர் அளவுதான். நியூ ஜெர்சி மாநில அரசோடு அந்நிறுவனம் செய்துகொண்ட உடன்பாடோ 10 லட்சம் டாலருக்கு. 2023 ஜனவரியில் ரயட் நிறுவனத்துக்குள்ளேயே ஊழியரை ஏமாற்றி நுழைந்தவர்கள், லீக் ஆஃப் லெஜண்ட்ஸின் மூல நிரலோடு ஒரு பழைய ஆன்டி-சீட் தளத்தின் மூல நிரலையும் திருடிக்கொண்டு பணம் கேட்டார்கள். நிறுவனம் தர மறுத்துவிட்டது, நடந்ததையும் தானே வெளியே சொன்னது. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. வான்கார்டில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 1 லட்சம் டாலர் வரை பரிசு என்று 2020இல் அறிவித்ததும் நல்ல நடைமுறையே. இருந்தாலும் நேர்மையான நிறுவனத்துக்குள்ளும் திருடன் நுழையக்கூடும் என்பதால், நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு என் வாடிக்கையாளரின் கணினிக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

இனி, இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்த ஓர் ஆடிட்டரின் வீட்டுக் கணினிக்கு வருகிறேன். அங்கே இருப்பவை: டேலி, வாடிக்கையாளர்களின் பான் எண்களும் வங்கி அறிக்கைகளும் நிறைந்த ஃபோல்டர்கள், வருமான வரித் தளத்தின் கடவுச்சொற்களைச் சேமித்து வைத்திருக்கும் பிரவுசர், எல்லாவற்றுக்கும் மேலாக டிஎஸ்சி எனப்படும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள். டோக்கனுக்குள் இருக்கும் சாவியை வெளியே நகலெடுக்க முடியாது என்பதால் பலர் அதைப் பாதுகாப்பானது என்று நம்பி, யுஎஸ்பியில் செருகியபடியே விட்டுவிடுகிறார்கள். கெர்னல் வரை நுழைந்த ஒருவனுக்குச் சாவியை நகலெடுக்க வேண்டிய தேவையே இல்லை. நாம் தட்டும் பின் எண்ணைப் பிடித்துக்கொண்டால், டோக்கன் செருகப்பட்டிருக்கும் வரை அதைக் கொண்டே கையொப்பமிடலாம். டோக்கனைக் கையொப்பமிடும் நேரத்தில் மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பது கேம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடைப்பிடிக்க வேண்டிய பழக்கம் என்று எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். வாடிக்கையாளர் தரவைக் காக்கத் தகுந்த பாதுகாப்பு செய்யாதவர்களுக்கு, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது என்பதை நினைவூட்டினால், பேச்சு உடனே தீவிரமாகிவிடுகிறது.

“பையனுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் போட்டுக் குடுத்துட்டா போதாதா?” என்று அந்த ஆடிட்டர் கேட்டார். நல்ல கேள்விதான். சாதாரண நிரல்களைப் பொறுத்தவரை தனிக் கணக்கு உண்மையாகவே பயன் தரும். பையனின் கணக்கில் ஓடும் நிரல் அப்பாவின் ஆவணங்களைத் திறக்க முடியாது. கெர்னல் டிரைவர் அப்படியல்ல. அது கணினிக்கு ஒன்றுதான், எந்தக் கணக்கில் நுழைந்தாலும் ஒரே டிரைவர்தான் ஓடும். மென்பொருளால் உருவாக்கும் மெய்நிகர் கணினிக்குள் கேமை அடைத்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. வேலரன்ட் அப்படி ஓடாது, அதை வேண்டுமென்றே தடுத்திருக்கிறார்கள்.

பணம் இருந்தால் எளிய தீர்வு தனிக் கணினி. வேலைக்கு ஒரு சாதாரண லேப்டாப் போதும். கிராபிக்ஸ் கார்டு உள்ளதைப் பையனுக்கே விட்டுவிடலாம். வேலைக் கணினியைப் புதிதாக வாங்குவதுதான் கேமிங் கணினி வாங்குவதைவிட மலிவு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்த வீட்டில் அது உடனே முடியாத நிலை இருந்ததால், இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி, அதில் கேமுக்கென்று தனியாக விண்டோஸ் நிறுவினேன். வேலை விண்டோஸ் இருக்கும் பழைய எஸ்எஸ்டியை, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரால் பூட்டினேன். அதற்கு விண்டோஸ் புரோ பதிப்பு வேண்டும். கேம் விண்டோஸில் கணினி ஓடும்போது அந்தப் பழைய டிரைவ் பூட்டிய நிலையிலேயே தெரியும். அதன் திறவுகோலை அந்தப் பக்கம் யாரும் ஒருபோதும் தட்டக் கூடாது என்பதுதான் நான் வைத்த ஒரே கடுமையான நிபந்தனை. இது தனிக் கணினிக்கு முழுமையான மாற்று இல்லை: பூட்டிய டிரைவைப் படிக்க முடியாவிட்டாலும் அழிக்க முடியும் என்பதால், வேலைக் கோப்புகளின் பேக்கப் வெளி டிஸ்க்கில் வாராவாரம் போகிறது. ஆனாலும் ஒரே விண்டோஸில் இரண்டையும் கலந்து வைப்பதற்கும் இதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

கேமை மாற்றிக்கொள்ளலாமே என்றும் ஒரு யோசனை சொன்னேன். கவுண்டர்-ஸ்டிரைக் 2இன் அதிகாரப்பூர்வ ஆட்டங்களுக்கு இருக்கும் விஏசி கெர்னலுக்குள் போவதில்லை. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் வைத்திருப்பவர்கள் 2024 முதல் வேலரன்ட்டை அதிலேயே ஆடலாம், அங்கே கணக்குக் கோப்புகள் எதுவும் இருக்கப் போவதில்லை. நண்பர்கள் எதை ஆடுகிறார்களோ அதைத்தான் பிள்ளைகள் ஆடுவார்கள் என்பதால் இந்த யோசனை அந்த வீட்டில் எடுபடவில்லை. அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பயாஸ் மாற்றங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்த உண்மையான இழப்புகள் ஆன்டி-சீட்டால் வந்தவற்றைவிட அதை ஓட வைக்கச் செய்த அவசர வேலைகளால் வந்தவையே அதிகம். விண்டோஸ் 11இல் வான்கார்டுக்கு டிபிஎம் 2.0 (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (முறையான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் கொண்டு கணினியைத் தொடங்க விடும் ஏற்பாடு) இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். 2025இல் வெளியான பேட்டில்ஃபீல்டு 6ம் செக்யூர் பூட்டைக் கட்டாயமாக்கியது. இந்தக் கேட்பு நியாயமானது; செக்யூர் பூட் நம் பாதுகாப்புக்கும் நல்லதே. அதை இயக்கும் முறையில்தான் சிக்கல். சில விண்டோஸ் 11 கணினிகளில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் என்கிரிப்ஷன் ஏற்கெனவே செயலில் இருக்கும். பயாஸில் செக்யூர் பூட்டையோ டிபிஎம்மையோ தொட்டவுடன், அடுத்த முறை கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். அந்த எண் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால், உள்ளே இருப்பவை போனவைதான். ஒரு கடையில் இப்படி அவசரமாக மாற்றிக் கொடுத்த கணினி ஒன்று என் மேசைக்கு வந்தது. அதை விற்பனை செய்த நேரத்தில் கடைக்காரப் பையன் தன்னுடைய ஏதோ ஒரு மின்னஞ்சலால் கணக்கு உருவாக்கியிருந்தான், கடவுச்சொல் அவனுக்கும் நினைவில்லை. குடும்பப் புகைப்படங்கள் உட்பட எதையும் மீட்க முடியவில்லை.

ஆகவே என் வரிசை இதுதான்: முதலில் மீட்பு எண்ணைக் கண்டுபிடித்துக் காகிதத்தில் எழுதி, அந்தக் கணினியைச் சாராத இடத்தில் வைப்பேன். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பேன். அடுத்து, டிஸ்க் ஜிபிடி வடிவில் இருக்கிறதா, பழைய எம்பிஆர் வடிவில் இருக்கிறதா என்று டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ப்பேன். எம்பிஆராக இருக்கும்போது பயாஸில் சிஎஸ்எம் என்ற பழைய முறையை அணைத்துவிட்டால் விண்டோஸே தொடங்காது, அதை முதலில் மாற்ற வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகே பயாஸுக்குள் போவேன். காணொளியைப் பார்த்துக்கொண்டே இரவில் பையன்கள் செய்வது இந்தக் கடைசிப் படியை மட்டும்.

பிரவுசிங் சென்டரின் கதை வேறு. நான் பார்க்கும் ஒரு சென்டரில் முன்வரிசையில் கேமிங் கணினிகள், பின்வரிசையில் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பான் கார்டு, ஆதார் பிரின்ட் எடுக்கும் கணினிகள். கூட்டம் அதிகமானால் ஆதார் பிரின்டும் முன்வரிசைக்கு வந்துவிடும். அந்தக் கணினிகளின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தபோது, முன்பின் தெரியாத மனிதர்களின் ஆதார் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்குக் கடவுச்சொல் உண்டுதான். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததே அது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. ஆன்டி-சீட் இதையெல்லாம் பார்க்கிறதா என்ற கவலைக்கு முன்னால், அதே இருக்கையில் அடுத்து உட்காரும் யாரும் பார்க்கலாம் என்ற கவலை வர வேண்டும். இப்போது இரண்டு வரிசைக்கும் ரூட்டரில் தனித்தனி நெட்வொர்க், பின்வரிசையில் கேம் கிடையாது, முன்வரிசையில் பிரின்டர் கிடையாது. உரிமையாளர் சில நாள் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டார்.

அந்தச் சென்டரில்தான் வன்பொருள் தடை என்ன செய்யும் என்பதையும் பார்த்தேன். ஆன்டி-சீட் மென்பொருள்கள் ஏமாற்றுபவரின் கணக்கை மட்டும் தடை செய்தால், அவர் புதிய கணக்கோடு வந்துவிடுவார். அதனால் மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் அடையாள எண்களைத் தொகுத்து, அந்தக் கணினியையே தடை செய்யும் முறையும் இருக்கிறது. யாரோ ஒரு வாடிக்கையாளர் பென் டிரைவில் ஹேக் கொண்டுவந்து ஆடிவிட்டுப் போனதால், ஒரு கணினியில் அதன் பிறகு வந்த எவரும் ஒரு குறிப்பிட்ட கேமை ஆட முடியாமல் போனது. தனியுரிமை நோக்கில் இதைப் பலர் கவனிப்பதில்லை: கணக்கை அழித்தாலும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் மாறாத ஓர் அடையாளம் நம் கணினிக்கு அங்கே பதிவாகிறது. சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய மதர்போர்டு வாங்குபவர்கள், முந்தைய உரிமையாளரின் தடை கூடவே வருமா என்று, வாங்கும் இடத்திலேயே கேமை ஒருமுறை ஓட விட்டுப் பார்ப்பது நல்லது. அந்தச் சென்டரில் இப்போது யுஎஸ்பி துளைகள் பூட்டப்பட்டிருக்கின்றன, ஆடுபவர்களின் கணக்கில் நிர்வாகி உரிமை கிடையாது.

தவறாகத் தடை விழுவதும் உண்டு. ரிகோஷேயில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி, குறிப்பிட்ட சில சொற்களைத் தனிச் செய்தியாக அனுப்பியே அப்பாவிகளைத் தடை செய்ய வைத்ததாக ஒருவர் 2024இல் வெளிப்படுத்தினார். அந்தக் குறையைச் சரிசெய்து, பாதிக்கப்பட்ட சிலரின் கணக்குகளை மீட்டுவிட்டதாக ஆக்டிவிஷன் தெரிவித்தது. நினைவகத்தில் ஒரு சொல் கிடந்தாலே குற்றம் என்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு காவல் நிரல் எழுதப்பட்டிருக்கலாம் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றைச் சேர்க்காவிட்டால் அது நியாயமாகாது. நான் சுத்தம் செய்யும் கேமிங் கணினிகளில் இருக்கும் தீம்பொருள் ஆன்டி-சீட் வழியாக வந்ததாக இதுவரை பார்த்ததில்லை. “ஃப்ரீ ஹேக்” என்று இறக்கியவை வழியாக வந்ததைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். டிஃபெண்டரை அணை, மெமரி இன்டெக்ரிட்டியை அணை, செக்யூர் பூட்டை அணை என்று காணொளியில் ஒருவன் சொல்வதைப் பையன்கள் வரிசையாகச் செய்துவிட்டு, ஒரு ஜிப் கோப்பைத் திறக்கிறார்கள். உள்ளே இருப்பது பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அள்ளிச் செல்லும் ரெட்லைன் போன்ற திருட்டு நிரல். பெற்றோர் ஆன்டி-சீட்டைப் பற்றிக் கேட்கும்போது, பையன் இப்படி எதையாவது இறக்கினானா என்பதையும் நான் கேட்பது இதனால்தான்.

கேமை அழித்தவுடன் டிரைவரும் போய்விட்டதாக எண்ண வேண்டாம். வான்கார்டு போன்றவை கண்ட்ரோல் பேனலில் தனிப் பெயரில் இருக்கும், தனியாக அழிக்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டி, சாஃப்ட்வேர் என்விரான்மென்டுக்குள் சிஸ்டம் டிரைவர்ஸ் பட்டியலைத் திறந்தால், எந்த டிரைவர் இப்போது ஓடுகிறது, எது கணினியோடு தொடங்குகிறது என்பது தெரியும். கேம் நிறுவுவதற்கு முன்னால் ஒருமுறை அந்தப் பட்டியலைக் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டால், அழித்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. இதைப் பள்ளிக்கூடப் பையனாலும் செய்ய முடியும். அந்த ஆடிட்டரின் மகன் இப்போது என்னைக் கூப்பிடாமலே செய்கிறான்.

ஸ்டீமில் வாங்குபவர்களுக்கு இன்னும் ஒரு வசதி இருக்கிறது. 2024 அக்டோபரில் கொண்டுவந்த மாற்றத்தின்படி, கெர்னல் மட்டத்தில் இயங்கும் ஆன்டி-சீட் உள்ள கேம்கள் அதைக் கடைப் பக்கத்திலேயே அறிவிக்க வேண்டும். கேமை அழித்த பிறகும் கையால் நீக்க வேண்டிய ஆன்டி-சீட்டாக இருந்தால் அதுவும் அங்கே குறிக்கப்படுகிறது. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வேலரன்ட், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் போன்றவை ஸ்டீமில் இல்லாததால், அவற்றுக்கு அந்தந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.